எண்ணெய் கேட்காத போல்ட்

குறிசுடும் கழகத்தில் எல்லோரும் அவளைப் பூட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இடுப்பில் சாவிக்கொத்து, வாயில் பூட்டு என்று எவனோ ஒரு வம்பன் வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. துப்பாக்கி அறைக்கு அவள்தான் பொறுப்பு. காலையில் உறுப்பினர்களுக்குத் துப்பாக்கிகளை எடுத்துக் கொடுப்பாள். மாலையில் திரும்ப வாங்கி, கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டு, வரிசையாக நிறுத்திப் பூட்டுவாள். தலை முழுக்க நரைத்த வக்கீல்கூட அவளை அக்கா என்பார். அவருக்குப் பேரன் கல்லூரிக்குப் போகிறான், இவளுக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. ஊரே தம்பியாக இருந்து என்ன பிரயோஜனம்? சாப்பிட்டியா என்று கேட்க ஒரு நாதி கிடையாது.

கிடையாது என்று சொல்லிவிடவும் முடியாது, அண்ணன் ஒருத்தர் வெளியூரில் இருக்கிறார். எப்போதாவது போன் பண்ணுவார். "நல்லா இருக்கியா?" என்பார். "இருக்கேன்" என்பாள். "அண்ணி கேட்டதா சொல்லச் சொன்னா" என்பார். அண்ணி கேட்டிருக்க மாட்டாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதோடு கடமை முடிந்தது. அவள் குடியிருப்பது ஒரு மாடி அறை. கீழே வீட்டுக்காரர் குடும்பம் சிரித்தால் மேலே கேட்கும். எதற்குச் சிரித்தார்கள் என்பது மட்டும் கேட்காது.

சரி, அவள் கதை இருக்கட்டும். கழகத்துக்கு வந்த தலைவலியைச் சொல்கிறேன். சுடும் மைதானம் கடலை ஒட்டி இருந்தது. காற்று வாங்க நல்ல இடம், இரும்புக்குக் கேடு. துப்பாக்கிக்குள்ளே போல்ட் என்று ஒன்று இருக்கிறது. பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் தோட்டாவை உள்ளே ஏற்றி இறுக்கி மூடும் உருண்டைத் தண்டு. அதுதான் உள்ளே அதிகமாக ஓடி ஆடுகிற பாகம். உப்புக் காற்றில் அதில் பொடிப்பொடியாகத் துரு பூக்க ஆரம்பித்தது. நேற்று துடைத்தது இன்று சொரசொரவென்று இழுக்கிறது. போட்டி நடக்கும்போது ஒருவருடைய போல்ட் பாதியில் நின்று, அவர் தோற்று, பழியைத் தூக்கிப் பூட்டக்கா தலையில் போட்டுவிட்டுப் போனார்.

கழகத்தின் செயலாளர் அவளைக் கூப்பிட்டார். "அக்கா, எல்லா போல்ட்டுக்கும் நல்ல பூச்சா ஒண்ணு அடிச்சிடலாம். எது நல்லதுன்னு சோதிச்சுப் பாத்து நீங்க சொல்லுங்க, நான் கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போடுறேன். எனக்கு இதெல்லாம் தெரியாது, நான் வீட்டுமனை விக்கிறவன்."

இப்படித்தான் பூச்சுக்காரர் அந்த அறைக்குள் வந்தார்.

வெளியூரில் ஒரு பூச்சுப் பட்டறை. அதன் சார்பில் ஊர் ஊராகப் போய்ப் புது வேலை பிடித்து, சோதனை செய்து காட்டுவது அவர் உத்தியோகம். குட்டையான ஆள், தொந்தி, தோளில் கனத்த பை. வந்ததும் வராததுமாக, "பேசாம உள்ள இருக்கிற எல்லாத்துக்கும் அடிச்சிடலாமா?" என்றார்.

"விசைக்குள்ள இருக்கிற கொக்கியத் தொடவே கூடாது," என்றாள் பூட்டக்கா. "அதுல மயிரிழை கனம் ஏறினாலும் பிடிப்பு மாறிடும். யாரும் தொடாமலே வெடிக்கும்."

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன்."

"நீங்க எல்லாத்துக்கும்னுதானே சொன்னீங்க?"

"சொல்ல வந்துட்டே இருந்தேங்க. அதுக்குள்ள நீங்க முந்திக்கிட்டீங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அறையில் அவள் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று துப்பாக்கிகளைத்தான் கேட்க வேண்டும். போகும்போது அவர் கேட்டார், "எல்லாரும் உங்கள அக்காங்கிறாங்களே, நானும் அப்படியே கூப்பிடட்டுமா? ஆனா நீங்க என்னைவிடச் சின்னவங்க மாதிரி தெரியுதே." அவள் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு பூட்டப் போனாள். அன்றிலிருந்து அவர் அவளை 'ஏங்க' என்றே கூப்பிட்டார்.

பூச்சு மூன்று விதம். முதலாவது நிக்கல், கண்ணாடி மாதிரி பளபளக்கும். இரண்டாவது பாஸ்பேட். கறுப்பும் சாம்பலுமாக, தொட்டால் கரகரவென்று இருக்கும். எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும், ஆனால் அந்த எண்ணெய் காய்ந்தால் போயிற்று. வருஷத்துக்கு ஒரு தடவை உரித்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும். மூன்றாவது நைட்ரைடு. அதைப் பூச்சு என்று சொல்வதே தப்பு, மேலே ஒட்டுகிற சமாச்சாரமே இல்லை. கொதிக்கும் உப்புக் குழம்பில் இரும்பை முக்கி எடுத்தால் அதன் தோலே இறுகிப்போகும். "உங்க ஆயுசு, என் ஆயுசு ரெண்டையும் தாண்டும்," என்றார் பூச்சுக்காரர். "எண்ணெய் போட்டா சந்தோஷப்படும். போடலன்னாலும் கோவிச்சுக்காது."

மூன்று போல்ட்டுகளை மூன்று துப்பாக்கிகளில் மாட்டினார்கள். உறுப்பினர்கள் சுட்டுப் பழகுவார்கள். ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி பூச்சுக்காரர் வந்து, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து பார்ப்பார். மழைக்காலம் முடிகிறவரை இப்படி. அளக்கிற வேலை கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் திரும்பிப் போக மதியத்துக்கு மேல்தான் பேருந்து. அதுவரை அவர் எங்கே போவார்? துப்பாக்கி அறையில் முதுகு சாய்க்கிற நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதை அவருக்குக் கொடுத்துவிட்டு அவள் முக்காலியில் உட்கார்ந்தாள்.

அவர் பேசுவார். அப்பப்பா, என்ன பேச்சு! வீட்டில் மனைவி, மாமியார், கல்யாணம் ஆகாத மச்சினிகள் இரண்டு பேர், பிள்ளைகள். "எங்க வீட்ல நான் ஒரு வார்த்த பேசணும்னா கைய தூக்கணுங்க. அப்பவும் மாமியார் பாத்துட்டு, கைய கீழ போடுங்க மாப்பிளைன்னுடுவாங்க." சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, வேகவைத்த முட்டை இருந்தால் பாதியை மூடியில் வைத்து அவள் பக்கம் தள்ளுவார். அவள் முதல் தடவை வேண்டாம் என்றாள். இரண்டாவது தடவையும் வேண்டாம் என்றாள். மூன்றாவது தடவை பேசாமல் எடுத்துக்கொண்டாள். பிறகு வெள்ளிக்கிழமைகளில் தன் டப்பாவில் அவளும் கொஞ்சம் கூடுதலாகவே கொண்டுவந்தாள். வியாழக்கிழமையே மேசையைத் துடைப்பாள். நாற்காலியின் ஆடுகிற காலுக்கு அட்டை மடித்து வைத்தாள். இதற்கெல்லாம் என்ன பெயர் என்று யாரும் கேட்க வேண்டாம். கேட்டால் அவளுக்குக் கோபம் வரும். பேச்சுத்துணை, அவ்வளவுதான்.

முதலில் கவிழ்ந்தது நிக்கல். போல்ட் திரும்பி இறுகுகிற விளிம்பில் சின்னத் துணுக்காகப் பெயர்ந்து, பெயர்ந்த துணுக்கு உள்ளேயே கிடந்து கீறியது. பூச்சுக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "அழகா இருக்கிறதெல்லாம் இப்படித்தாங்க. விடுங்க. மீதி ரெண்டுதான். மழை விட்டா முடிஞ்சது நம்ம வேலை."

முடிஞ்சது நம்ம வேலை.

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பூட்டக்காவுக்கு அன்று மாலை எண்ணெய் போடும்போது கை ஓடவில்லை. வேலை முடிந்தால் இவர் எதற்கு வரப்போகிறார்? நைட்ரைடு அடித்தால் ஆயுசுக்கும் போதும், அப்புறம் பட்டறையாவது பூச்சாவது. பாஸ்பேட் என்றால் வருஷத்துக்கு ஒரு தடவை. அப்படியென்றால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்த மனிதர் தோள்பையைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலில் வந்து நின்றுதானே ஆக வேண்டும்? ஒரு நாளாவது அந்த நாற்காலியில் ஆள் இருக்கும்தானே?

வெட்கக்கேடுதான். இருபது வருஷமாகத் துப்பாக்கி துடைக்கிறவள் போடுகிற கணக்கா இது? ஆனால் போட்டுவிட்டாள்.

பாஸ்பேட் வேண்டும் என்றால் நைட்ரைடில் குறை வேண்டும். குறை இருந்தால்தானே சொல்ல முடியும்? மறுநாள் காலை கடற்கரையில் இறங்கி ஒரு பாட்டிலில் கடல் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். நைட்ரைடு போல்ட்டைக் கழற்றி, எண்ணெய்ப் பசை கொஞ்சமும் இல்லாமல் துடைத்து, தண்ணீரில் முக்கி, ஜன்னல் ஓரத்தில் வைத்தாள். காய்ந்ததும் மறுபடி முக்கினாள். வேர்த்த கையால் தடவித் தடவிப் பார்த்தாள். வேறு எவளாவது தன் அறையில் இப்படிச் செய்து கண்ணால் பார்த்திருந்தால் கையை முறித்திருப்பாள்.

அது துருப்பிடிக்கவில்லை. உப்பு வெள்ளையாகப் பூத்தது, துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் உள்ளே கறுகறுவென்று அப்படியே இருந்தது. ஒரு வாரம் ஆயிற்று, அதற்கு மேலும் ஆயிற்று. "சனியனே, கொஞ்சம் துருப்பிடிச்சாத்தான் என்ன?" என்று அதைத் திட்டினாள். பக்கத்து அறையில் தோட்டா எண்ணிக்கொண்டிருந்த காவலாளி எட்டிப் பார்த்து, "என்னையா அக்கா?" என்றான்.

"உன்ன இல்லப்பா. நீ போ."

மழைக்காலம் முடிந்தது. கடைசி வெள்ளியும் வந்தது. பூச்சுக்காரர் அளவுகோலை எடுத்து பாஸ்பேட் போல்ட்டை அளந்தார், தலையாட்டினார். நைட்ரைடு போல்ட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். பின்பக்கத்துப் பள்ளத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஏங்க, இது உப்பு."

பூட்டக்காவுக்கு முகம் சூடேறிவிட்டது. "ஜன்னல் ஒழுகுது," என்றாள்.

"கடல் தண்ணியா ஒழுகுது?"

அவள் ஜன்னலைச் சாத்தினாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அடேங்கப்பா! நீங்க பண்ணின சோதனைய எங்க பட்டறையில்கூட யாரும் பண்ணினதில்லைங்க. இவ்வளவு கொடுமைக்கும் அசையலையே! அப்ப இதுதானே? செயலாளரக் கூப்பிடுங்க."

"பாஸ்பேட்தான்," என்றாள் பூட்டக்கா.

அவர் சிரிப்பு நின்றது. "என்னது?"

"பாஸ்பேட்."

"ஏங்க?"

அவள் ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை ஒப்பித்தாள். நைட்ரைடு எண்ணெய் கேட்காது. எண்ணெய் கேட்காத போல்ட்டை யாரும் கழற்றிப் பார்க்க மாட்டார்கள். கழற்றிப் பார்க்காவிட்டால் உள்ளே தோட்டாவைத் தட்டுகிற ஊசி உடைந்தாலும் தெரியாது, விளிம்பு விரிசல் விட்டாலும் தெரியாது. பாஸ்பேட் என்றால் தினம் கவனித்தே ஆக வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமாகப் பிரித்தே ஆக வேண்டும். அதுதான் பாதுகாப்பு. இத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "அதோட நைட்ரைடு ஈரத்துல கொஞ்சம் இறுகுது," என்றாள்.

அவர் போல்ட்டைத் துப்பாக்கியில் மாட்டி இழுத்துப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு ஓடியது.

"இப்ப இறுகல," என்றாள்.

பூச்சுக்காரர் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு போல்ட்டை மேசைமேல் வைத்தார். "எனக்குத் தெரியலங்க. ஆனா உங்க கை இறுகுதுன்னு சொன்னா இறுகத்தான் செய்யும். அந்தக் கை பொய் சொல்லாது."

இதற்குப் பதில் அவர் அவளை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

செயலாளர் வந்தார். சொன்னபடியே காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். "அக்கா சொன்னா சரிதான்," என்று பேனாவை மூடினார். பூச்சுக்காரர் அளவுகோலைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். அவளுக்கு உள்ளே லேசாக ஒரு சந்தோஷம். குற்ற உணர்ச்சியை ஓரமாகத் தள்ளிவிட்டு, அடுத்த வருஷம் வரும்போது நாற்காலிக்கு மெத்தை ஒன்று போட்டு வைக்க வேண்டும் என்றுகூட நினைத்தாள்.

"அப்ப அடுத்த வருஷம் எந்த மாசம் வருவீங்க?" என்று கேட்டாள்.

"நானா? நான் எதுக்குங்க?" என்றார் அவர். "வருஷாந்திர வேலையெல்லாம் பட்டறை பாத்துக்கும். கழட்டிப் பெட்டியில போட்டு அனுப்பிடுங்க, அடிச்சுப் பெட்டியிலயே திரும்ப அனுப்பிடுவாங்க. நான் புது வேலை பிடிக்கிற ஆளு." பையின் வாரை இழுத்து மாட்டிக்கொண்டார். "நைட்ரைடுன்னா உத்தரவாதம் உண்டு. உத்தரவாதம் இருக்கிற வரைக்கும் மூணு மாசத்துக்கு ஒரு தடவ நானே நேர்ல வந்து அளக்கணும், அது சட்டம். பாஸ்பேட்டுக்கு அதெல்லாம் கிடையாதுங்க."

பூட்டக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். மூன்று மாசத்துக்கு ஒரு தடவை. கேட்டிருக்கலாமே! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை முன்னாலேயே கேட்டிருக்கலாம். கேட்டால் எதற்குக் கேட்கிறாள் என்று தெரிந்துவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டிருந்து, இப்போது தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். செயலாளர் அங்கேயேதான் நின்றார். மை இன்னும் காயவில்லை. மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் ஏன் என்பார்கள். எண்ணெய், பாதுகாப்பு, ஈரத்தில் இறுகுது என்று இவ்வளவு நேரம் அளந்துவிட்டு, இப்போது என்னவென்று சொல்வாள்?

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

"வேணாங்க, பேருந்து வந்துடும்." வாசல்வரை போனவர் நின்று அறையை ஒரு முறை பார்த்தார். "கொஞ்சம் வருத்தமாத்தான் இருக்கு. எங்க வீட்டுச் சத்தத்துக்கு இந்த ரூம் எனக்குக் கோயில் மாதிரி. இவ்வளவு அமைதி எங்கயும் கிடைக்காதுங்க. நீங்க குடுத்து வச்சவங்க." பிறகு ஞாபகம் வந்தவராக, "அந்த நைட்ரைடு போல்ட்ட நீங்களே வச்சுக்கோங்க. எங்களுக்கு அது வெறும் சாம்பிள்தான். ஏதாவது கோளாறுன்னா மட்டும் போன் பண்ணுங்க, நானே வந்துடுறேன்," என்றார்.

போல்ட்டுகள் பெட்டியில் போயின, பெட்டியில் வந்தன. திரும்பி வந்த பெட்டியை அவள் தனியாக உட்கார்ந்து பிரித்தாள். ஒவ்வொரு போல்ட்டும் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியிருந்தது. ஒவ்வொரு காகிதத்தையும் பிரித்து இரண்டு பக்கமும் பார்த்தாள். காகிதத்தில் என்ன இருக்கும்? எண்ணெய்தான் இருந்தது.

முன்பெல்லாம் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். இப்போது கறுப்புப் பூச்சு எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருந்தது. ரேக்கின் ஒரு முனையில் ஆரம்பித்து மறு முனைக்குப் போவதற்குள் மாலை முழுக்க ஓடிவிடும். அந்த ஒரே ஒரு நைட்ரைடு போல்ட் மட்டும் எதுவும் கேட்காமல் தன்பாட்டுக்கு ஓடியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு எரிச்சலாக வந்தது. "உனக்கென்னம்மா, மகராசி," என்பாள். என்றாலும் அதற்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடுவாள்.

அடுத்த மழைக்காலம் வந்தபோது அவளுக்கு அந்த யோசனை தோன்றியது. கோளாறுன்னா நானே வந்துடுறேன் என்றாரே. கோளாறு வர எவ்வளவு நேரம் ஆகும், இந்தக் காற்றில்? ரேக்கின் மூலையில் இருந்த துப்பாக்கியை யாரும் அதிகம் எடுப்பதில்லை. அதன் போல்ட்டை எண்ணெய் போகத் துடைத்து, ஜன்னல் பக்கம் நிறுத்தினாள். அதன்பிறகு தினமும் மாலை வரிசையாக எண்ணெய் போட்டுக்கொண்டு வருவாள், மூலைக்கு வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். சோறு போடாமல் ஒரு பிள்ளையை நிறுத்தி வைத்த மாதிரி மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் பொறுத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கழற்றிப் பார்த்தாள். பிடிக்குப் பக்கத்தில் கடுகளவு செம்பழுப்பு. துரு! போல்ட்டை இடது கையில் பிடித்துக்கொண்டே போனை எடுத்தாள். எண் மனப்பாடம். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்தாள். துரு வந்துடுச்சு, நீங்க நேர்ல வந்து பாத்தாத்தான் தெரியும்.

"யாருங்க?" பின்னால் ஏதோ இயந்திரம் கடகடத்தது.

"நான்தான். குறிசுடும் கழகம். கடல் பக்கம்..."

"அட, நீங்களா! ஏங்க, எப்படி இருக்கீங்க? ஜன்னல் இன்னும் ஒழுகுதா?"

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மறக்கவில்லை.

"என்னங்க, கோளாறு ஏதாவது?"

"ஆமா, ஒரு போல்ட்டுல..." என்று குனிந்து பார்த்தாள்.

மணி அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் வலது கை பாட்டுக்கு மேசைமேல் கிடந்த எண்ணெய்த் துணியை எடுத்துத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. கடுகளவு செம்பழுப்பு இருந்த இடத்தில் இப்போது கறுப்புத்தான் இருந்தது. எண்ணெயில் மினுமினுத்தது. வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினாள். ஒன்றுமே இல்லை.

"சொல்லுங்க, என்ன ஆச்சு?"

சும்மா ஒரு நாள் வாங்களேன். சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

"ஒண்ணும் இல்ல," என்றாள். "எல்லாம் நல்லாவே ஓடுது. அதச் சொல்லலாம்னுதான்."

அவர் பெரிதாகச் சிரித்தார். "கோளாறு இல்லன்னு போன் பண்ணின முதல் ஆளு நீங்கதாங்க!" அங்கே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "வேற ஏதாவது உண்டா?"

"இல்ல."

"அப்ப வச்சிடட்டுமா?"

"சரிங்க."

போனை மேசைமேல் வைத்தாள். அந்த போல்ட்டுக்கு முழுசாக எண்ணெய் போட்டு, துப்பாக்கியில் மாட்டி, இரண்டு தடவை இழுத்துத் தள்ளிப் பார்த்தாள். அருமையாக ஓடியது. மதியம் டப்பாவைத் திறந்தபோதுதான் பார்த்தாள், காலையில் இரண்டு முட்டை வேகவைத்துக் கொண்டுவந்திருந்தாள். இரண்டையும் அவளே சாப்பிட்டாள்.